பின்னேரமானால் பிள்ளை விறைக்கிறான்: மரபணுப் பரிசோதனைக்குப் போகுமுன் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

சுன்னாகத்துத் தாய் (கேள்வி)

அன்பின் உறவுகளுக்கு வணக்கம்.

எனது மகனுக்கு இப்போது மூன்று வயதும் நான்கு மாதங்களும் ஆகின்றன. அவனுக்கு என்ன நோய் என்பதை இரண்டரை வருடங்களாகத் தேடிக்கொண்டிருக்கிறோம். இதே வழியில் நடந்தவர்கள் இங்கே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை மாதம் நிறைந்து, சுகப்பிரசவமாகப் பிறந்தான். பிறந்ததும் வீரிட்டு அழுதான், பால் குடித்தான். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து அவனுடைய சுகாதார விருத்திப் பதிவேட்டில் நிறையைக் குறித்தபோதெல்லாம் கோடு ஒழுங்காகவே ஏறியது. ஐந்தாம் மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை என்பதை முதலில் கவனித்தவர் என் அம்மா. எட்டாம் மாதத்தில், கைகால்கள் ஒரு நேரம் துணிபோலத் துவண்டும் இன்னொரு நேரம் விறகுபோல விறைத்தும் போகத் தொடங்கின. ஒன்பதாம் மாதத்தில் ஒரு நாள் செக்கல் நேரத்தில் கண்கள் இரண்டும் மேலே செருகி, கழுத்துப் பின்பக்கம் வளைந்து, ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் அப்படியே கிடந்தான். வலிப்பு என்று நினைத்து, அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அன்றிலிருந்து வலிப்பு மருந்து கொடுக்கிறோம். மருந்தை இரண்டு முறை மாற்றினார்கள், அளவைக் கூட்டினார்கள், கண் செருகுவது மட்டும் நிற்கவில்லை. மூளையின் மின்னலைகளைப் பார்க்கும் இ.இ.ஜி. இரண்டு முறை எடுத்தும் இயல்பாகவே இருந்தது. எம்.ஆர்.ஐ. ஸ்கானும் இயல்பு. ஒரு தனியார் வைத்தியசாலையில், பிறக்கும்போது ஒட்சிசன் குறைந்ததால் வந்த மூளைவாதம் இது, பிசியோதெரப்பி செய்யுங்கள் என்று ஐந்து நிமிடத்தில் சொல்லி அனுப்பினார்கள். பிறந்தவுடன் அப்படி அழுத பிள்ளைக்கு எப்போது ஒட்சிசன் குறைந்தது என்று கேட்டேன். அதற்குப் பதில் கிடைக்கவில்லை.

நான் ஆசிரியை. விளங்காத ஒன்றை எழுதிவைப்பது என் பழக்கம். ஒரு வருடமாக ஒரு கொப்பியில் அவனுடைய ஒவ்வொரு நாளையும் குறித்து வருகிறேன். காலை ஆறரைக்கு எழுந்ததும் பிளாஸ்டிக் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தால், முதுகைத் தாங்கிப் பிடித்தால் போதும், இரண்டு கைகளாலும் தானே பிடித்துக் குடிப்பான். பத்து மணிக்குப் பிடி தளர்ந்துவிடும். பின்னேரம் நாலு மணிக்குமேல் அதே கோப்பையை நீட்டினால், வலது கை மணிக்கட்டோடு உட்பக்கம் திரும்பிவிடுகிறது. விரல்கள் கோப்பையின் காதைத் தேடும், ஆனால் போய்ச் சேரமாட்டா. கால் பெருவிரல் தானாக மேலே நிமிர்ந்து நிற்கும். மத்தியானம் ஒரு மணித்தியாலம் நித்திரைகொண்டு எழுந்தால் கொஞ்ச நேரம் மறுபடியும் காலையில் இருந்த பிள்ளையாக இருப்பான். இதை நான் சொன்ன இடங்களில் எல்லாம், பிள்ளைகள் களைத்துப்போவது வழமைதானே அம்மா என்றார்கள்.

இப்போது ஒரு சிறுபிள்ளை நரம்பியல் வைத்தியர், இதில் பரம்பரைக் காரணம் இருக்கக்கூடும் என்று சொல்லி, கொழும்பில் மரபணுப் பரிசோதனைக்கு எழுதித் தந்திருக்கிறார். பத்துக் கிழமையில் திகதி. ஏற்கெனவே ஒரு முறை நிறமூர்த்தப் (குரோமோசோம்) பரிசோதனை செய்து, எல்லாம் சரி என்று அறிக்கை வந்திருக்கிறது. அப்படியிருக்க, நகையை அடைவு வைத்து இன்னொரு பரிசோதனை செய்வதில் பயன் உண்டா? போகும்போது எதை எடுத்துப் போக வேண்டும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் கணவர் எனக்குச் சொந்த மச்சான், என் தாய்மாமனின் மகன். குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி இருந்ததா என்று வைத்தியர் கேட்டபோது, இல்லை என்று கணவர் சொன்னார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். என் சின்னம்மாவும் தன் மச்சானைத்தான் மணந்தவர். அவருடைய இரண்டு பிள்ளைகள் இடம்பெயர்ந்து வன்னியில் இருந்த காலத்தில் இறந்துபோயின. காய்ச்சல் வந்து வலித்து இறந்ததாகத்தான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். அதைப்பற்றி அவரிடம் யாரும் கதைப்பதில்லை. அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டுமா?

கரவெட்டி அம்மா

தங்கச்சி, உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன். என் மகளுக்கு இப்போது பதினொரு வயது. ஒன்றரை வயதுவரை அம்மா, பால், காகம் என்று கதைத்துக்கொண்டிருந்த பிள்ளை. பிறகு ஒவ்வொரு சொல்லாக அவளைவிட்டுப் போய்விட்டது. துணி பிழிவதுபோலக் கைகளைப் பிசைந்துகொண்டே இருப்பாள். ஆறு வருடங்கள் தேடிய பிறகுதான் அது ரெட் சின்ட்ரோம் என்று தெரிந்தது.

அந்த ஆறு வருடங்களில் இரண்டு வருடங்கள், உங்களிடம் இருப்பதுபோன்ற ஒரு காகிதத்தால் போயின. எங்களுக்கும் முதலில் நிறமூர்த்தப் பரிசோதனைதான் செய்தார்கள். 46 நிறமூர்த்தங்கள், இயல்பான பெண் பிள்ளை என்று அறிக்கை வந்தது. அதைக் கண்டவுடன், இது பரம்பரையலகு, அதாவது மரபணு, சம்பந்தமான நோயே இல்லை என்று நாங்களாகவே தீர்மானித்துக்கொண்டு, ஆயுர்வேதம், நேர்த்திக்கடன், எண்ணெய்த் தப்பல் என்று அலைந்தோம். அந்தப் பரிசோதனை எவ்வளவு தூரம் பார்க்கும் என்று எங்களுக்கு விளங்கப்படுத்த அப்போது யாரும் இருக்கவில்லை. பின்னர் என் கணவருக்கு நான் இப்படித்தான் சொன்னேன்: பனங்கூடலை வீதியில் நின்று எண்ணினால் நாற்பத்தாறு மரமும் நிற்கிறதா, ஒன்று முறிந்து கிடக்கிறதா என்பது தெரியும். எந்த மரத்தின் குருத்துக்குள் வண்டு இருக்கிறது என்பதை ஏறிப் பார்த்தால்தான் அறியலாம். என் மகளுடைய பிழை ஒரேயொரு பரம்பரையலகுக்குள் இருந்தது. எண்ணிக்கையில் எந்தக் குறையும் இருக்கவில்லை.

பெயர் தெரிந்ததால் என்ன கிடைத்தது என்று எங்களிடமும் கேட்டார்கள். ஆஸ்திரிய வைத்தியர் அந்திரியாஸ் ரெட் இந்த நோயை 1966இல் விவரித்தார், காரணமான பரம்பரையலகை 1999இல் கண்டுபிடித்தார்கள். ஏறத்தாழ பத்தாயிரம் பெண்பிள்ளைகளில் ஒருவருக்கு வருகிறது. 2023இல் அமெரிக்காவில் ஒரு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அது நோயைக் குணமாக்குவதில்லை, அதன் விலை எங்களுக்கு எட்டுவதும் இல்லை. ஆனாலும் பெயர் தெரிந்த பிறகுதான் அவளுடைய இருதயத்தின் மின்துடிப்பை ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினார்கள், முதுகெலும்பு வளைவதை ஆரம்பத்திலேயே கண்டார்கள். இந்த நோய் பெரும்பாலும் பிள்ளையில் புதிதாகத் தோன்றும் மாற்றத்தால் வருவது. என்னிலும் அது இல்லை, அவளுடைய தகப்பனிலும் இல்லை. உன் பக்கத்து வம்சத்தில்தான் பிழை என்று ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். அந்தப் பேச்சு ஒரே நாளில் நின்றது. எனக்கு அது சிறிய விடயமல்ல.

போகிற வேளைக்குச் சில சொல்கிறேன். நீங்களும் கணவரும் இருவருமே பிள்ளையோடு போங்கள், மூவருடைய இரத்தமும் ஒன்றாகப் போனால்தான் முடிவை வாசிப்பது இலகு. எம்.ஆர்.ஐ. இறுவட்டையும் கொண்டுபோங்கள், எழுத்து அறிக்கை மட்டும் போதாது. எல்லாவற்றிலும் போட்டோப் பிரதி எடுத்து, மூலத்தைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள். எங்கள் பிள்ளையின் முதல் இ.இ.ஜி. அறிக்கை ஒரு கிளினிக்கில் தொலைந்து இன்றுவரை வரவில்லை. இன்னொன்று, இரவு பஸ்ஸில் ஏறி விடியக் கொழும்பில் இறங்கி நேரே கிளினிக்குக்குப் போகாதீர்கள். உங்கள் பிள்ளையின் நிலை நித்திரையோடு மாறுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பஸ்ஸில் நித்திரை குழம்பிய பிள்ளையைப் பார்த்தால், அவனுடைய உண்மையான காலை எப்படியிருக்கும் என்பது வைத்தியருக்குத் தெரியாமலே போய்விடும். முதல் நாளே போய், யாராவது தெரிந்தவர் வீட்டில் தங்குங்கள்.

வடமராட்சி வைத்தியன்

சகோதரி, நான் சிறுபிள்ளை மருத்துவத்தில் பணியாற்றுபவன். பிள்ளையைப் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்வது முறையல்ல. ஆகையால் நான் எழுதுவதை நோய்நிர்ணயமாக எடுக்காமல், உங்கள் நரம்பியல் வைத்தியரிடம் கேட்பதற்கான கேள்விகளாக எடுங்கள்.

முதலில் உங்கள் கொப்பி. இதுவரை செய்த பரிசோதனைகள் அனைத்தையும்விட அதில் கூடுதலான தகவல் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கண் மேலே செருகி ஒரு மணித்தியாலம் நிற்கிறது, இ.இ.ஜி. இயல்பாக இருக்கிறது, வலிப்பு மருந்துகள் எதற்கும் கட்டுப்படவில்லை, நித்திரை கொண்டால் நிலை சீராகிறது என்ற நான்கும் ஒரே பிள்ளையில் சேரும்போது, இது உண்மையில் வலிப்புத்தானா என்று மறுபடியும் யோசிக்க வேண்டும். கண்விழிகளை அசைக்கும் தசைகள் இழுபட்டு மேலே நின்றுவிடுகிற ஒரு நிலை உண்டு. பார்வைக்கு வலிப்புப்போலவே இருக்கும். ஆனால் பிள்ளைக்கு நினைவு தப்பாது. அடுத்த முறை அப்படி வரும்போது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள், பிடித்த பொருளைக் காட்டுங்கள், அவன் கேட்கிறான் என்பதற்கு ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். அதைக் கைத்தொலைபேசியில் காணொளியாக எடுங்கள். ஒரே கோப்பையை ஒரே இடத்தில் வைத்து, காலையிலும் முற்பகலிலும் பின்னேரத்திலும் மத்தியான நித்திரைக்குப் பிறகும் ஒவ்வொரு நிமிடம் எடுங்கள். வைத்தியர் உங்கள் பிள்ளையைப் பார்க்கிற இருபது நிமிடத்தில் ஒரு முழு நாளைப் பார்க்க வேறு வழியில்லை.

மூளைவாதம் என்பது பிள்ளையின் நிலையைச் சொல்கிற சொல். அதற்கு என்ன காரணம் என்பதை அது சொல்வதில்லை. பிறப்பில் சிக்கல் இல்லாமல், ஸ்கானும் இயல்பாக இருந்து, நிலை நேரத்துக்கு நேரம் மாறுமானால், அந்தச் சொல்லோடு தேடலை நிறுத்தக்கூடாது. இப்படியான பிள்ளைகளில் முதலில் விலக்க வேண்டியவை மருந்துள்ள நோய்கள். அரிதான நோய்களின் எண்ணிக்கை ஏழாயிரத்தைத் தாண்டும் என்கிறார்கள். அவற்றில் மருந்துள்ளவை மிகச் சில. அந்தச் சிலவற்றில் ஒன்றைத் தவறவிடுவதுதான் எனக்குப் பெரிய பயம்.

பொழுது ஏற ஏற மோசமாகி, நித்திரைக்குப் பிறகு தேறுவது, மூளையில் டோபமின் என்ற பொருள் போதியளவு உருவாகாத சில நோய்களில் காணப்படும் அடையாளம். அந்தப் பொருளைச் செய்வதற்குப் பல நொதியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். அவற்றில் ஒன்றுக்கான பரம்பரையலகு பழுதானாலும் கைகால் முறுகும், கண் செருகும். கலிபோர்னியாவில் ஓர் இரட்டையருக்கு இரண்டு வயதில் மூளைவாதம் என்றே சொல்லப்பட்டது. அவர்களுடைய தாய் ஒரு பழைய பத்திரிகைக் கட்டுரையில் தன் மகளின் நிலையைப்போன்ற ஒன்றை வாசித்துவிட்டுத்தான் வைத்தியர்களைத் தேடிப் போனார். மூளையில் டோபமினாக மாறுகிற லெவோடோபா என்ற மருந்து தொடங்கியதும் பிள்ளைகள் தேறினார்கள். ஆனாலும் சில குறைகள் இருந்தன. 2010இல் ஹூஸ்ரனில் அவர்களுடைய முழு மரபணுத் தொகுதியையும் வாசித்தபோது, செபியாப்ரெரின் ரிடக்ரேஸ் என்ற நொதியத்துக்கான பரம்பரையலகில் தாயிடமிருந்து ஒரு பிழையும் தகப்பனிடமிருந்து இன்னொரு பிழையும் வந்திருப்பது தெரிந்தது. அந்த நொதியம் டோபமினுக்கு மட்டுமன்றி செரட்டோனின் என்ற இன்னொரு மூளைப் பொருளுக்கும் தேவையானது. அது தெரிந்ததால் இரண்டாவது மருந்து ஒன்றைச் சேர்த்தார்கள், மேலும் தேறினார்கள். காரணத்தின் சரியான பெயர் மருந்தையே மாற்றும் என்பதற்காக இதைச் சொல்கிறேன், உங்கள் மகனுக்கும் இதுதான் என்பதற்காக அல்ல.

ஏனென்றால் நேரத்தோடு மாறுகிற வேறு நோய்களும் இருக்கின்றன. இரத்தத்திலுள்ள குளுக்கோசை மூளைக்குள் கடத்துகிற புரதம் பழுதானால், பிள்ளை பட்டினி கிடக்கும் நேரத்தில், விசேடமாகக் காலை உணவுக்கு முன்னர், மோசமாகி, சாப்பிட்டதும் தேறும். அதற்கு மருந்தைவிடக் கொழுப்பு மிகுந்த விசேட உணவுமுறையே சிகிச்சை. உங்கள் மகன் வெறும் வயிற்றோடு எழும்பும் நேரத்தில்தான் நன்றாக இருக்கிறான் என்பது அதற்கு எதிரான சான்று. ஆனாலும் கொப்பியில் சாப்பாட்டு நேரத்தையும் இன்றிலிருந்து குறியுங்கள். இரண்டையும் பிரித்தறிவதற்கு முள்ளந்தண்டு நீரை எடுத்துப் பார்க்கலாம். டோபமினின் எச்சங்களைப் பார்ப்பதற்கான நீரை எடுத்த உடனேயே கடுங்குளிரில் உறையவைக்க வேண்டும், லெவோடோபா தொடங்குவதற்கு முன்னரே எடுக்க வேண்டும். ஆகவே யாரோ சொன்னார்கள் என்று அந்த மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இந்தப் பிள்ளைகளுக்கு மிகச் சிறிய அளவில், வைத்தியரின் கண்பார்வையில்தான் அதைத் தொடங்க வேண்டும். கூடினால் கைகால்கள் கட்டுப்பாடின்றி ஆடத் தொடங்கும். அதேபோல இப்போது கொடுக்கிற வலிப்பு மருந்தையும் திடீரென்று நிறுத்தக்கூடாது.

இனி மரபணுப் பரிசோதனை. மனிதனுடைய மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் இருக்கின்றன. உங்களுக்கு எழுதித் தந்திருப்பது அநேகமாக எக்சோம் பரிசோதனையாக இருக்கும். அது சுமார் 20,000 பரம்பரையலகுகளில் புரதத்துக்குரிய பகுதிகளை மட்டும் வாசிக்கிறது, மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு. அறியப்பட்ட பிழைகளில் பெரும்பாலானவை அந்தப் பங்குக்குள்தான் இருக்கின்றன. ஆனாலும் பத்துப் பிள்ளைகளுக்குச் செய்தால் மூன்று அல்லது நான்கு பேருக்கே விடை கிடைக்கிறது. அந்த எண்ணிக்கையை முன்பே அறிந்துகொண்டு போங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்று வந்தால் நோய் இல்லை என்பது பொருளல்ல. புதிய பரம்பரையலகுகள் ஒவ்வொரு வருடமும் அடையாளம் காணப்படுவதால், அதே தரவை இரண்டொரு வருடத்துக்குப் பின் மறுபடி வாசிக்கச் செய்தால் சிலருக்கு விடை வருகிறது. தரவை உங்களுக்குத் தருவார்களா, மறுவாசிப்புக்குக் கட்டணம் உண்டா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். பொருள் தெளிவில்லாத மாற்றம் என்று ஒரு முடிவும் வரக்கூடும். அதை நோய் என்று எடுத்துக்கொண்டு துக்கப்படவோ மருந்து தேடவோ கூடாது. மூவருடைய இரத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால் அப்படியான மாற்றங்களில் பலவற்றை விலக்கிவிடலாம், அதனால் கரவெட்டிச் சகோதரி சொன்னது முக்கியமானது. ஆய்வுகூடத்துக்குப் போகிற படிவத்தில் வளர்ச்சித் தாமதம் என்ற இரண்டு சொற்களோடு விட்டுவிடாமல், கண் செருகுவது, நேரத்தோடு மாறுவது, பெருவிரல் நிமிர்வது ஆகியவற்றையும் எழுதச் சொல்லுங்கள். ஆயிரக்கணக்கான மாற்றங்களுக்குள் எதைத் தேடுவது என்பதை அந்தச் சொற்கள்தான் காட்டும்.

கடைசியாக உங்கள் சின்னம்மாவின் பிள்ளைகள். கட்டாயம் சொல்ல வேண்டும். முறை மணம் செய்தவர்கள் ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து ஒரே பழுதான பிரதியைப் பெற்றிருக்கக்கூடும். ஒரு பழுதான பிரதியோடு இருப்பவர் முழுச் சுகமாக இருப்பார். இருவருடைய பழுதும் பிள்ளையில் சேர்ந்தால்தான் நோய். அப்படியானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கும். இது யாருடைய குற்றமும் அல்ல. சொந்தத்தில் மணந்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குச் சுகமான பிள்ளைகளே பிறக்கின்றன. ஆனால் உங்கள் குடும்பத்தில் இதே கதை இரண்டாம் முறையாக நடக்கிறதா என்பதை அந்த இரண்டு பிள்ளைகளால் மட்டுமே சொல்ல முடியும்.

தீவான், ரொறன்ரோ

பிள்ளை, நான் வைத்தியனல்ல, எழுபதைத் தாண்டியவன். உங்கள் கடைசிப் பந்திக்காக மட்டும் எழுதுகிறேன்.

1995 ஒக்ரோபர் 30 இரவு போரால் இடம்பெயர்ந்து வலிகாமத்திலிருந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்களில் நானும் ஒருவன். தென்மராட்சியிலிருந்து பலர் பிறகு கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்குப் போனார்கள். அந்தக் காலத்தில் இறந்த சிறுபிள்ளைகளுக்கு எல்லாம் காய்ச்சல் என்ற ஒரே காரணம்தான் சொல்லப்பட்டது. உண்மையில் காய்ச்சலும் இருந்தது, மருந்தும் இருக்கவில்லை. ஆகையால் யாரும் வேறு காரணம் தேடவில்லை. பெற்றவர்களும் தேடவில்லை, தேடுவதற்கு அவர்களுக்கு ஒரு நாள்கூட ஆறுதலாக இருக்கக் கிடைக்கவில்லை.

உங்கள் சின்னம்மாவிடம், எங்கள் குடும்பத்தில் நோய் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எந்தத் தாயும் இல்லை என்றுதான் சொல்லுவாள். கலியாணத்துக்கு நிற்கிற பெண்பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இன்னும் உறுதியாகச் சொல்லுவாள், பேச்சுக்கால் குழம்பும் என்ற பயம் ஒருநாளும் போவதில்லை. பிள்ளை எப்படி இருந்தது, எப்படிச் சிரித்தது, எந்த நேரத்தில் அழுதது என்று கேளுங்கள். இறந்த பிள்ளையைப்பற்றி அப்படி ஒருவர் கேட்டு அவருக்கு இருபத்தைந்து வருடத்துக்குமேல் ஆகியிருக்கும். தனியாகப் போங்கள், ஆண்களைக் கூட்டிப்போக வேண்டாம்.

இங்கே என் பேரன் உமிழ்நீரை ஒரு குப்பியில் அனுப்பிப் பூர்வீகம் பார்த்தான். அப்படியொன்றை அனுப்பிவைக்கட்டுமா என்று எழுத நினைத்தேன். அது தெரிந்தெடுத்த சில இடங்களை மட்டுமே பார்க்கும், இப்படியான நோயைத் தேட உதவாது என்று மருமகள் சொல்லிவிட்டாள், அவள் தாதியாக வேலை செய்கிறாள். ஆகவே அந்த வழியில் பணத்தைச் செலவழிக்காதீர்கள். பரிசோதனைச் செலவுக்கு உங்களுக்குக் குறைவதை எனக்குத் தனிமடலில் எழுதுங்கள். கடனாக அல்ல.

சுன்னாகத்துத் தாய்

பதினான்கு கிழமைகளுக்குப் பிறகு எழுதுகிறேன். மூவருக்கும் நன்றி. ஐயா, பணம் சமாளித்துவிட்டோம், உங்கள் மனதுக்கு நான் கடமைப்பட்டவள்.

சின்னம்மாவிடம் தனியாகத்தான் போனேன். கோண்டாவிலில் அவருடைய குசினிக்குள் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தோம். மூத்தவர் எப்படி இருந்தவர் சின்னம்மா என்று கேட்டேன். கொப்பைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு தானாகவே சொல்லத் தொடங்கினார். மூத்தவன் 1997இல் மல்லாவியில் பிறந்திருக்கிறான். விடியக் காலையில் கொட்டில் வாசலில் பாயைப் போட்டுக் கிடத்தினால் காலை உதைத்துச் சிரிப்பானாம். செக்கல்பட்டால் கண்ணை மேலே செருகிக்கொண்டு வில்லுப்போல வளைந்து கிடப்பானாம். விளக்கு வைக்கிற நேரத்தில் கண்ணூறு பட்டுவிட்டது என்று நூல் கட்டியிருக்கிறார்கள். ஒரு வயதும் இரண்டு மாதமும் இருந்திருக்கிறான். இரண்டாவது பெண்பிள்ளை. அவளுக்கும் அப்படியே, ஒன்பது மாதத்தில் காய்ச்சல் வந்து போய்விட்டாள். பெண்பிள்ளை என்பதுகூட எனக்கு அன்றுவரை தெரியாது. இரண்டு பேருக்கும் பிறப்புப் பதிவு இல்லை, படம் இல்லை. நான் போக எழும்பியபோது, பெரிய டொக்டரிடம் சொல்லும்போது என் பிள்ளைகளின் பெயரையும் சொல்லுவாயா என்று கேட்டார்.

கரவெட்டி அக்கா சொன்னபடி முதல் நாளே கொழும்புக்குப் போய் வெள்ளவத்தையில் தங்கினோம். வைத்தியர் முதலில் காணொளிகளைப் பார்த்தார். கண் செருகியிருக்கும்போது நான் பெயர் சொல்லிக் கூப்பிட, அவன் உதட்டை அசைத்துக் கண்ணைக் கீழே கொண்டுவர முயல்வதை மூன்று முறை திருப்பிப் போட்டுப் பார்த்தார். பிறகு ஒரு தாளில் எங்கள் குடும்பத்தை வரைந்தார், ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் மணந்தவர்களுக்கு இரட்டைக் கோடு. சின்னம்மாவின் பிள்ளைகளுக்கு ஒரு சதுரமும் ஒரு வட்டமும் போட்டு, இறந்தவர்கள் என்பதற்காக இரண்டின் குறுக்கேயும் சாய்வாகக் கோடு இழுத்தார். ஆணிலும் பெண்ணிலும் ஒரேமாதிரி வந்திருப்பதால், இரு பக்கப் பழுதும் சேர்ந்து வருகிற நோயாக இருக்கவே கூடிய வாய்ப்பு என்றார். வழமையாக அந்தப் படத்தில் பெயர் எழுதுவதில்லையாம். நான் கேட்டதும் இரண்டு பெயரையும் எழுதினார்.

முள்ளந்தண்டு நீரை மருந்து தொடங்குவதற்கு முன்னர் எடுத்தார்கள். மூவருடைய இரத்தமும் போயிருக்கிறது, முடிவுக்கு இன்னும் இரண்டு மாதம் செல்லும் என்கிறார்கள். அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று லெவோடோபாவை மிகச் சிறிய அளவில் வார்ட்டில் வைத்துத் தொடங்கி, எட்டு நாள் பார்த்துவிட்டு வீட்டுக்கு விட்டார்கள். வலிப்பு மருந்தைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள்.

பெரிதாக எதையும் எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. கொப்பியில் இருப்பதை மட்டும் எழுதுகிறேன். மருந்து தொடங்கிப் பத்தொன்பதாம் நாள், நேற்று, பின்னேரம் 4.40க்குக் கோப்பையை நீட்டினேன். மணிக்கட்டுத் திரும்பியது, ஆனால் முன்னரைவிடக் குறைவு. இரண்டாம் முறை இரண்டு கைகளாலும் பிடித்தான். பாதிக்குமேல் சட்டையில் சிந்தியது. கண் செருகவில்லை. 7.15க்கு நித்திரையானான்.

மரபணு அறிக்கை வந்ததும் இதே இடத்தில் எழுதுகிறேன். சின்னம்மாவின் மற்ற இரண்டு மகள்மாருக்கும் பரிசோதனை தேவையா என்று அன்றைக்கே கேட்க வேண்டும் என்பதையும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.